கௌசிகர் சொன்னது உண்மைதான்

மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொள்ளப் பார்க்கும் ஒரு கட்டம் உண்டு. பதினேழாம் நாள் போர். கர்ணனிடம் அடிபட்டுப் பாசறைக்குத் திரும்பிய தருமன், கர்ணன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் அர்ஜுனனைக் கண்டபடி ஏசுகிறான். காண்டீபத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு என்கிறான். அப்படிச் சொல்பவன் தலையை வெட்டுவேன் என்று அர்ஜுனன் எப்போதோ தனக்குள் சபதம் எடுத்திருக்கிறான். சொன்ன சொல் தவறக் கூடாதே! வாளை உருவிவிடுகிறான். அவனைத் தடுத்து நிறுத்தக் கிருஷ்ணன் சொல்லும் கதைகளில் ஒன்றுதான் கௌசிகர் கதை.

கௌசிகர் ஆறுகள் கூடும் இடத்தில், ஊருக்குச் சற்றுத் தள்ளி வாழ்ந்த தவசி. பெரிய படிப்பாளி என்று சொல்ல முடியாது. எந்நேரமும் உண்மையே பேசுவது என்ற விரதம் மட்டும் உண்டு. அதற்காகவே ஊரில் பெயர். ஒருநாள் கொள்ளையருக்குப் பயந்து சிலர் அவர் இருக்கும் காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்கள். பின்னாலேயே கொள்ளையர் வந்து, பொய் சொல்லாத மனிதராயிற்றே என்று அவரிடமே விசாரிக்கிறார்கள். மரமும் கொடியும் அடர்ந்த அந்தத் தோப்பைக் கௌசிகர் காட்டிவிடுகிறார். ஒளிந்தவர்கள் கொல்லப்படுகிறார்கள். சாகும் காலம் வந்ததும் கௌசிகர் நரகத்துக்குப் போகிறார்.

ஒரு செய்தி ஆசிரியரின் கண்ணால் பார்த்தால் அவர்மேல் குறை சொல்ல இடமே இல்லை. நேரில் பார்த்ததைச் சொன்னார். மிகைப்படுத்தவில்லை. இட விவரம் துல்லியம். யார் பக்கமும் சாயவில்லை, காசும் வாங்கவில்லை. செய்தியைச் சரிபார்க்கச் சொல்லிக்கொடுக்கும் எந்த வகுப்பிலும் அவருக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். பிறகு எதற்கு நரகம்? பத்திரிகை அறம் என்று நூறு ஆண்டுகளாகப் பேசப்படுவதில் பாதிக்குமேல் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். பொய்ச் செய்தி தவறு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதைப் பிடிக்கவும் வழிகள் இருக்கின்றன. கையில் இருக்கும் மெய்ச் செய்தியை என்ன செய்வது என்பதுதான் சிக்கல்.

இமானுவேல் காண்ட் 1797-ல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இதே கதைக்கு நேர் எதிரான தீர்ப்பை எழுதினார். கொலைகாரன் வாசலில் நின்று, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால் பொய் சொல்லலாமா? பிரெஞ்சு எழுத்தாளர் பெஞ்சமின் கான்ஸ்டண்ட், உண்மையைக் கேட்க உரிமை இல்லாதவனுக்கு உண்மை சொல்லும் கடமையும் இல்லை என்றார். காண்ட் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வாதம் வேடிக்கையாகவும் கெட்டியாகவும் இருக்கிறது. நீ இல்லையென்று பொய் சொல்கிறாய். அதற்குள் நண்பன் கொல்லைப்புறமாக வெளியேறித் தெருவில் கொலைகாரனிடமே மாட்டிக்கொண்டால் அந்தச் சாவுக்கு நீதான் பொறுப்பு. உண்மையைச் சொல்லியிருந்தால், அவன் வீட்டுக்குள் தேடிக்கொண்டிருக்கும்போது அக்கம்பக்கத்தார் வந்து பிடித்திருக்கவும் கூடும். விளைவு உன் கையில் இல்லை, சொல் மட்டும்தான் உன் கையில் என்பது காண்டின் கட்சி.

பத்திரிகைக்காரர்களுக்குக் காண்டைப் பிடிக்கும். “நாங்கள் உள்ளதைப் போட்டோம், அப்புறம் நடந்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று கைவிரிக்கும்போது, தெரிந்தோ தெரியாமலோ அவர் நிழலில்தான் ஒதுங்குகிறார்கள். ஆனால் காண்ட் பேசியது ஆமா, இல்லையா என்று பதில் சொல்லியே தீரவேண்டிய நெருக்கடியைப் பற்றி. கிருஷ்ணனும் எடுத்த எடுப்பில் பொய் சொல்லச் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் தப்ப முடியுமென்றால் திறக்காதே, பேசியே ஆகவேண்டும் என்று வந்தால்தான் பொய் என்கிறான். சும்மா இருப்பது என்ற மூன்றாவது வழியை இருவருமே அடைக்கவில்லை. கௌசிகர் கழுத்தில் யாரும் கத்தி வைத்ததாகக் கதையில் இல்லை. பத்திரிகை அலுவலகத்திலும் பெரும்பாலும் யாரும் கத்தி வைப்பதில்லை. பக்கம் நிறையவேண்டும், அவ்வளவுதான்.

கௌசிகர் கதை அப்படியே நம் காலத்தில் ஒருமுறை நடந்தது. 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தொடங்கிய தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். தாஜ் ஹோட்டல், ஓபராய், நரிமன் ஹவுஸ் என்று மூன்று நாள் தொலைக்காட்சிகள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன. கமாண்டோக்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றைப் பிடித்து நரிமன் ஹவுஸ் மொட்டைமாடியில் இறங்கியதை நாடே நேரலையில் பார்த்தது. பாகிஸ்தானில் உட்கார்ந்து தொலைபேசியில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தவர்களும் பார்த்தார்கள். எந்தப் பக்கம் போலீஸ், எந்த மாடியில் தீ என்று அவர்கள் உள்ளே இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது ஒட்டுக்கேட்ட உரையாடல்களில் பதிவாகியிருக்கிறது. அஜ்மல் கசாப் மேல்முறையீட்டில் 2012 ஆகஸ்ட் 29 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இதைத் தனியாக எடுத்துப் பேசியது. பேச்சுரிமையைக் காட்டி அந்த ஒளிபரப்பை நியாயப்படுத்தப் பார்ப்பது முற்றிலும் தவறு என்றது. காட்டப்பட்ட ஒரு காட்சிகூடப் பொய்யில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சுயகட்டுப்பாடு பற்றி யோசிப்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம். சேனல்களின் சங்கம் அந்த டிசம்பரிலேயே நெருக்கடி காலத்துக்கான விதிகளை எழுதியது. போதவில்லை என்று அரசு நினைத்தது. 2015 மார்ச்சில் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஒரு பிரிவு சேர்ந்தது: பயங்கரவாதத்துக்கு எதிரான நடவடிக்கை எதையும் நேரலையில் காட்டக் கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டும் போடலாம். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகும் அதே விதியை அரசு நினைவூட்டியது. ஆக, ஒரு கேமராமேன் அரைமணி நேரம் லென்ஸைத் திருப்பிவைத்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயத்தில், இன்று என்ன தெரியலாம் என்பதை அதிகாரி முடிவு செய்கிறார். நடவடிக்கையில் அரசு தப்புச் செய்தாலும் அவர் வாயால்தான் கேட்டாகவேண்டும்.

பயங்கரவாதம் தினமும் நடப்பதில்லை. கௌசிகர் தினமும் உட்காரும் இடம் வேறு. அது இரவு பத்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பு டெஸ்க்.

பிளஸ் டூ முடிவு வந்த நாள் என்று வைத்துக்கொள்வோம். தாலுகா நிருபரிடமிருந்து வாட்ஸ்அப்பில் நாலு பத்தி வருகிறது. இறந்துபோன மாணவியின் பெயர், வயது, அப்பா பெயர், தெரு, பள்ளி, ஒவ்வொரு பாடத்திலும் வாங்கிய மதிப்பெண், எழுதிவைத்த கடிதத்தின் படம், எப்படி இறந்தாள், அதற்கானதை எங்கே வாங்கினாள். கூடவே இன்ஸ்டாகிராமிலிருந்து எடுத்த சிரித்த முகம். எல்லாம் இன்ஸ்பெக்டர் உறுதி செய்த தகவல். முதல் பதிப்பு போக நாற்பது நிமிடம். துணை ஆசிரியர் அதில் எதை வெட்டுகிறார் என்பதில்தான் மொத்த அறமும் இருக்கிறது.

பிரஸ் கவுன்சில் 2019 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை ஏற்று வெளியிட்ட நெறிமுறைப்படி பார்த்தால், அந்த நாலு பத்தியில் தேறுவது ஆறேழு வரி. முறையை விவரிக்கக் கூடாது, இடத்தை அடையாளம் காட்டக் கூடாது, கடிதமும் படமும் கூடாது, பரபரப்பான தலைப்பு கூடாது, முக்கியமான இடத்தில் வைக்கவே கூடாது. உள்பக்கத்தில் ஒரு சிங்கிள் காலம். மறுநாள் காலையில் அச்சாகி வருவதோ பல நேரம் வேறு மாதிரி இருக்கிறது. மேலே சிரித்த முகம், “விபரீத முடிவு” என்ற தலைப்பு, நடுவில் வெட்டப்படாத நாலு பத்தி, அடியில் கட்டம் கட்டி, தற்கொலை எந்தப் பிரச்சினைக்கும் தீர்வல்ல, 104-ஐ அழையுங்கள். சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படம்போல அந்தக் கட்டம் தன் கடமையைச் செய்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

இதெல்லாம் மென்மனக்காரர்களின் கவலை என்று நினைப்பவர்கள் வியன்னாவைப் பார்க்கலாம். அந்த நகரின் சுரங்க ரயில் 1978-ல் ஓடத் தொடங்கியது. எண்பதுகளின் நடுவில் அதில் தற்கொலைகள் வேகமாகக் கூடின. நாளிதழ்கள் ஒவ்வொன்றையும் பெரிதாகப் போட்டன. ஆஸ்திரியத் தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1987-ன் நடுவில் பத்திரிகைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. பத்திரிகைகள் கேட்டுக்கொண்டன. சில சம்பவங்கள் உள்பக்கத்தில் சுருங்கின, சில வரவே இல்லை. அந்த ஆண்டின் முதல் பாதியோடு ஒப்பிட்டால் இரண்டாம் பாதியில் சுரங்க ரயில் தற்கொலைகளும் முயற்சிகளும் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன; பிறகும் பழைய உயரத்துக்குப் போகவில்லை. சட்டம் போடவில்லை, அபராதம் இல்லை, யாரும் பொய் எழுதவும் இல்லை. எழுதாமல் விட்டதில் ஆட்கள் பிழைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 2022-ல் மட்டும் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது; மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. சென்னையில் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பு 1986 முதல் தற்கொலைத் தடுப்பு வேலையில் இருக்கிறது. அறிவுரைக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். “தேர்வில் தோற்றதால்” என்று ஒற்றைக் காரணம் போடும் தலைப்பு, கௌசிகர் அளவுக்குக்கூட உண்மையானதில்லை. ஒரு தற்கொலைக்குப் பின்னால் பல காரணங்கள் பின்னிக் கிடக்கும் என்பதுதான் இத்துறை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. சம்பவம் நடந்த நாலு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் சொன்ன காரணம், காரணமே ஆகாது. இங்கே அடக்கி எழுதுவது கருணை மட்டுமில்லை, சரியாக எழுதுவதும்கூட.

அப்படியென்றால் டெஸ்க்கில் ஏன் நடப்பதில்லை? துணை ஆசிரியருக்கு நெறி தெரியாது என்பது சோம்பேறித்தனமான பதில். தெரியும். அவருக்கு இன்னொன்றும் தெரியும்: காலை பத்து மணிக்கு வரும் போன். “அந்தப் பேப்பர்ல படத்தோட வந்திருக்கு, நம்மள்ல ஏன் இல்ல?” செய்தி விட்டுப்போனால் அதற்கு மிஸ்ஸிங் என்று பெயர், அதற்கு மெமோ உண்டு, விளக்கம் எழுதிக்கொடுக்க வேண்டும். அதிகமாகப் போட்டதற்காக மெமோ வாங்கிய நிருபரைத் தேடினால் கிடைப்பது அரிது. எந்த அலுவலகமும் விட்டதைத் தண்டித்து, போட்டதைப் பாராட்டிக்கொண்டே இருந்தால், அங்கே வேலை பார்ப்பவர்கள் கௌசிகராகத்தான் ஆவார்கள். ஆசிரியர் குழு எவ்வளவு அழகாக நெறிமுறைப் புத்தகம் அச்சிட்டுக் கொடுத்தாலும் சரி. இதில் மாலைப் பத்திரிகைகளின் வால்போஸ்டர் வேறு. உள்ளே செய்தியை நல்ல மனுஷன் ஒருவர் அடக்கி எழுதியிருப்பார். டீக்கடை வாசலில் தொங்கும் தாளில் நாலு சொல்லைச் சர்குலேஷன் பிரிவு கேட்டபடி கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பேப்பர் வாங்காதவர்களும் அதைப் படித்துவிட்டுத்தான் டீ குடிக்கிறார்கள்.

“எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே” என்பது அடுத்த சமாதானம். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். இந்தச் சட்டம் புதியதில்லை. 2019-ல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் காவல் துறையே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வன்முறை வழக்கின் எஃப்ஐஆர் வெளியே கசிந்தது. மறுபடியும் 25 லட்சம், மறுபடியும் அரசு தலையில். இரண்டிலும் தப்பு போலீஸ் பக்கம் தொடங்கியது உண்மை. ஆனால் கசிந்த எஃப்ஐஆர் ஒரு நிருபரின் கைப்பேசிக்கு வந்து சேரும் நேரத்தில் அங்கே ஒரு புதிய முடிவு காத்திருக்கிறது. பத்தாயிரம் பேருக்குத் தெரிந்ததைப் பத்து லட்சம் பேருக்குத் தெரியவைப்பது வேறொரு செயல். கொள்ளையர்கள் எப்படியும் தோப்பைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று கௌசிகரும் வாதாடியிருக்கலாம்.

இவ்வளவு தூரம் வந்தபிறகு, மௌனமே அறம் என்று முடித்துவிடத் தோன்றும். அங்கேதான் பெரிய குழி இருக்கிறது.

கலவரம் என்றால் மதத்தின் பெயரையும் சாதியின் பெயரையும் போடாமல் “இரு பிரிவினர் மோதல்” என்று எழுதுவது இந்தியப் பத்திரிகைகளின் பழைய வழக்கம். இங்கே எங்கள் ஆள் அடிபட்டான் என்று படித்துவிட்டு அடுத்த ஊரில் பழிவாங்கக் கிளம்பக் கூடாது என்பது அதன் பின்னால் இருக்கும் நல்ல எண்ணம். கௌசிகர் கதையின் பாடத்தைச் சரியாகப் படித்தவர்கள் போட்ட விதி. ஆனால் ஒரு தெருவே திரண்டு இன்னொரு தெருவின் சாமி ஊர்வலத்தை மறித்து அடித்தால் அது மோதலா? “இரு தரப்பினர்” என்று எழுதிய அந்த நொடியில் அடித்தவனும் அடிபட்டவனும் சமமாகிவிடுகிறார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. யாருடைய தொட்டி என்பதை விட்டுவிட்டு அந்தச் செய்தியை எழுதிப் பாருங்கள். ஊராட்சி சுகாதாரக் குறைபாடு என்று உள்பக்கத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கே சாதியைச் சொல்லாமல் விட்டால் விட்டது உண்மையின் ஓரம் இல்லை, நடு.

அடக்கம் என்ற பெயரில் பதுக்கல் நடப்பதற்கு நெறி காக்கும் அமைப்பே ஒருமுறை உதாரணம் ஆனது. 2009 தேர்தல்களில் பத்திரிகைகளும் சேனல்களும் வேட்பாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாகவே போட்டன. மகாராஷ்டிரத்தில் அப்போதைய முதல்வரைப் புகழ்ந்து போட்டிப் பத்திரிகைகளில் ஒரே மாதிரி வந்த பக்கங்களைப் பற்றி பி. சாய்நாத் ‘தி இந்து’வில் எழுதினார். பிரஸ் கவுன்சில் பரஞ்சாய் குஹா தாகுர்த்தாவையும் கே. சீனிவாச ரெட்டியையும் கொண்டு ஒரு துணைக்குழு போட்டது. அவர்கள் 71 பக்க அறிக்கையில் பத்திரிகைகளின் பெயர்களையும் சாட்சிகளையும் எழுதிக் கொடுத்தார்கள். 2010 ஜூலையில் கவுன்சில் கூடி, பெயர்களை உதிர்த்துவிட்டுச் சின்ன அறிக்கை ஒன்றை வெளியிட்டது. முதலாளிகளின் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருக்கும் சபை அது. முழு அறிக்கையை வெளியிடச் சொல்லி மத்தியத் தகவல் ஆணையம் 2011-ல் உத்தரவிட்ட பிறகே அது அதிகாரபூர்வமாக வெளியே வந்தது. உண்மையைச் சொல்லவில்லை என்று ஊடகங்களைக் கண்டிக்கவேண்டிய இடம், உண்மையை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டியது. இதைவிடச் சுத்தமான நகைச்சுவையை ஒரு கற்பனை எழுத்தாளர் எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

அப்படியானால் எந்த மௌனம் நல்லது, எந்த மௌனம் கூட்டுக் களவாணித்தனம்? வள்ளுவர் வாய்மை அதிகாரத்தைத் தீங்கு என்ற அளவுகோலோடுதான் தொடங்குகிறார். ஆனால் எல்லா உண்மையும் யாருக்காவது தீங்குதான். லஞ்சச் செய்தி லஞ்சம் வாங்கியவன் குடும்பத்துக்குத் தீங்கு. இந்த முடிச்சை அவிழ்க்க, பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் உள்ள ஒரு உரையாடல் உதவும். அபயன் என்ற இளவரசன் புத்தரை மடக்க வருகிறான். பிறருக்குக் கசக்கும் சொல்லைப் புத்தர் சொல்வாரா, மாட்டாரா? எப்படிப் பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்வார் என்று கணக்கு. அவன் மடியில் அப்போது ஒரு கைக்குழந்தை. இந்தப் பிள்ளை ஒரு குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று புத்தர் திருப்பிக் கேட்கிறார். ஒரு கையால் தலையைப் பிடித்து, மறுகை விரலை வளைத்து, ரத்தமே வந்தாலும் எடுத்துவிடுவேன் என்கிறான் இளவரசன். பிள்ளை மேல் இரக்கம் இருக்கிறதே. அதன் பிறகு புத்தர் தன் வழக்கத்தைச் சொல்கிறார். உண்மையாக இருந்தும் பயனில்லாததைச் சொல்வதில்லை. உண்மையும் பயனும் உள்ளது, கேட்பவருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், நேரம் பார்த்துச் சொல்லப்படும்.

டெஸ்க்கில் இருப்பவருக்குக் காண்டையும் கிருஷ்ணனையும்விட இது அதிகம் பயன்படும் என்று தோன்றுகிறது. ரத்தம் வருமா என்பது கேள்வியாக இல்லாமல், யார் தொண்டையில் என்ன சிக்கியிருக்கிறது என்பது கேள்வியாகிறது. வேங்கைவயலில் சாதியைச் சொன்னால் ஊரில் சிலருக்கு வலிக்கும். சொன்னால்தான் தண்ணீர் குடிக்கவேண்டியவர்களின் குறை வெளியே வரும். மாணவியின் கடிதத்தைப் போட்டால் அவள் அம்மாவுக்கு ரத்தம் வரும்; வெளியே எடுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. நாற்பது நிமிடத்தில் கேட்டு முடித்துவிடக்கூடிய கேள்விதான் இது.

நெறியை வெளியிலிருந்து காக்கும் அமைப்புகளை வேகமாகச் சொல்லிவிடலாம். அவற்றின் கதை அவ்வளவு ருசிக்காது. உலகின் முதல் பத்திரிகை மன்றம் ஸ்வீடனில் 1916-ல் தோன்றியது. இந்தியாவில் பிரஸ் கவுன்சில் 1966-ல் வந்தது, நெருக்கடி நிலையின்போது கலைக்கப்பட்டது, 1978-ம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் எழுந்தது. கண்டிக்கலாம், எச்சரிக்கலாம், அபராதம் போட முடியாது, தொலைக்காட்சியைத் தொட முடியாது. சேனல்கள் தாங்களே அமைத்த ஆணையம் 2008-ல் நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் தொடங்கியது. அடுத்த ஆண்டே, தன்மேல் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விழுந்ததும் இந்தியா டிவி சங்கத்தைவிட்டே வெளியேறியது; பிறகு திரும்பி வந்தது தனிக்கதை. அதிகபட்ச அபராதம் அதே ஒரு லட்சம் என்றே நீடித்ததைப் பார்த்து 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஒரு நிகழ்ச்சியில் சம்பாதிப்பதற்கு ஏற்றபடி அல்லவா அபராதம் இருக்கவேண்டும் என்று கேட்டது. இவையெல்லாமே கொலை நடந்த பிறகு தோப்புக்கு வருபவை.

அலுவலகத்துக்குள்ளேயே ஒரு ஆளை உட்காரவைப்பது கொஞ்சம் வேறு மாதிரி வேலை செய்கிறது. பிரிட்டனின் ‘கார்டியன்’ 1997-ல் இயன் மேயஸை வாசகர்களுக்கான ஆசிரியராக நியமித்தது. அதைப் பார்த்து ‘தி இந்து’ 2006-ல் கே. நாராயணனை அமர்த்தியது, பின்னர் 2012 முதல் 2021 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் ஏ.எஸ். பன்னீர்செல்வன். வாசகர் புகாரை அவர் விசாரிப்பார், தவறு என்றால் மறுநாள் திருத்தம் வரும், வாரா வாரம் பத்தி எழுதித் தன் பத்திரிகையையே குறை சொல்லலாம். நிருபர்களுக்கு அந்த நாற்காலியைக் கண்டால் பிடிக்காமல் இருந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. தமிழ் நாளிதழ்கள் பெரும்பாலும் இந்த வழியில் வரவில்லை. எப்போதாவது “வருந்துகிறோம்” என்ற பெட்டி, அதுவும் வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு.

உள்ளிருந்து வரும் கட்டுப்பாடுதான் கட்டுப்பாடு, வெளியிலிருந்து வருவது கட்டுப்பாடே இல்லாததைவிட மோசம் என்று சத்திய சோதனையில் எழுதியவர் காந்தி. அவர் சும்மா எழுதவில்லை. 1903-ல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நாலு மொழிகளில் வந்தது. ஒரு கட்டத்தில் விளம்பரம் வாங்குவதையே அவர் நிறுத்திவிட்டார். விளம்பரக்காரர் முகம் கோணுமே என்ற பயம் இருக்கும் இடத்தில் உள்ளிருந்து எந்தக் கட்டுப்பாடும் பிறக்காது என்பது அவர் கணக்கு. இன்றைய நாளிதழ் ஒன்றால் அப்படிச் செய்ய முடியாது. அச்சுத் தாளின் விலைக்கே கட்டாது. ஆனாலும் 71 பக்க அறிக்கை எங்கே, ஏன் சிக்கியது என்று யோசிக்கும்போது காந்தி விரல் வைத்த இடம் சரியான இடம் என்றே தெரிகிறது.

கையில் இருக்கும் மெய்ச் செய்தியை என்ன செய்வது என்ற கேள்வி இப்போது பின்னோக்கியும் திரும்பியிருக்கிறது. அச்சுப் பத்திரிகை காலத்தில் நேற்றைய கைதுச் செய்தி இன்று பஜ்ஜி மடிக்கப் போய்விடும். இணையத்தில் அது போவதில்லை. பத்து வருடம் முன்பு கைதாகிப் பிறகு நிரபராதி என்று விடுதலையானவர் வேலைக்கு மனுப் போட்டால், அந்த நிறுவனம் பெயரைத் தேடும்போது முதலில் வந்து நிற்பது கைதுச் செய்தி. அது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. விடுதலையான ஒருவர், தீர்ப்பில் உள்ள தன் பெயரை நீக்கக் கேட்ட வழக்கில், அதற்கென்று சட்டம் இல்லை என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

பத்திரிகைகளின் இணையப் பிரிவுக்கும் இதே மாதிரிக் கோரிக்கைகள் மின்னஞ்சலில் வருகின்றன. செய்தியை ஓசையில்லாமல் எடுத்துவிடும் அலுவலகங்கள் உண்டு. பதிலே போடாதவை உண்டு. பழைய செய்தியின் தலையில், இந்த வழக்கில் இவர் பின்னர் விடுதலை செய்யப்பட்டார் என்று தேதியோடு ஒரு வரி சேர்க்கும் வழியும் உண்டு. மூன்றில் இதுவே நேர்மையானது என்று படுகிறது. அன்று நடந்ததும் மறையவில்லை, பிறகு நடந்ததும் மறையவில்லை. ஆனால் அந்த ஒரு வரியைச் சேர்க்க விடுதலைத் தீர்ப்பு வந்தது அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கவேண்டும். கைது நாளில் ஸ்டேஷன் வாசலில் நாலு கேமரா நின்றிருக்கும். பத்து வருடம் கழித்துத் தீர்ப்பு வாசிக்கும் நாளில் கோர்ட் பீட் பார்க்கும் நிருபருக்கு வேறு ஏதாவது பெரிய வழக்கு இருக்கும். இதை யாரும் மிஸ்ஸிங் என்று மெமோ கொடுத்துக் கேட்கப்போவதில்லை.